இடுப்பில் இருந்த கத்தி

ஓசூர் கடையில் மடக்குக் கத்தியை விரித்ததும் எழுந்த எண்ணெய் வாசனை, இன்று கம்பெனி லாரிகள் நிற்கும் கெலமங்கலம் பக்கத்துப் பழைய சந்தை மைதானத்துக்கு என்னைக் கொண்டுபோனது. மாந்தோப்புக்கென்று வருஷம் ஒரு கத்தி வாங்கும் அப்பா, அங்கே கூடையில் குவிந்திருந்த எதையும் நம்பாமல், ஒவ்வொன்றையும் காதோரம் மடக்கிச் சத்தம் கேட்டு, முன்கை முடியைச் சிரைத்துப் பார்த்து, கடைசியில் வியாபாரியிடம், “இதெல்லாம் வேணாம்ப்பா, உன் இடுப்புல வெச்சிருக்கியே, அதக் குடு” என்பார்.

“அது நான் பொழங்குறதுங்க” என்று முனகியபடியே அவர் கொடுப்பார்.

ஒருமுறை கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். வியாபாரி கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் சொல்லவில்லை.

இப்போது கடைக்காரர் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்த கத்தியால் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறார். எல்லாம் தெரிந்தும், கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டு, “அதக் குடுங்கண்ணா” என்கிறேன்.