தேசிக்காய்ச் சாடி

மண்ணிற வயிறும் வெள்ளைக் கழுத்துமாக என் குசினியில், சமையல் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய சாடி இருக்கிறது. அதன் மூடியைத் தூக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு நெஞ்சு ஒருதரம் இடிக்கும். ஊறுகாய்ச் சாடிக்குப் பயப்படுகிற பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அம்மா இறந்த பிறகு அப்பா என்னை வட்டக்கச்சியில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். பெரியம்மாவின் மகள் என்னைவிட மூன்று வயது மூத்தவர், எனக்கு அக்கா. அவர் பெரியபிள்ளையாகி, அதாவது வயதுக்கு வந்த அன்றைக்கே அவருடைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் பெட்டிக்குள் போய்விட்டன. மிகவும் கெஞ்சி, முரசுமோட்டையில் தையல் வகுப்புக்குப் போக மட்டும் அனுமதி வாங்கியிருந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணத்து விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றின் நுழைவுத் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. தேறினால் போகலாம் என்று பெரியம்மா சம்மதித்திருந்தார், ஒரேயொரு நிபந்தனையோடு: அதற்குமுன் நான் பெரியபிள்ளையாகிவிடக் கூடாது. ஏதோ அது என் கையில் இருப்பதுபோல.

அந்த மாரியில் தெருவை வெள்ளம் மறித்து, முல்லைத்தீவு வியாபாரி ஒருவருடைய லொறி எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்றுவிட்டது. லொறி நிறையத் தேசிக்காய், எலுமிச்சை. "தங்கச்சி, கேக்கிற விலைக்குத் தாறன், எடுங்கோ. நாளைக்கு எல்லாம் அவிஞ்சு போயிரும்" என்று அந்த மனிதர் பெரியம்மாவிடம் அழாக்குறையாகச் சொன்னார். மலிவென்றால் பெரியம்மாவுக்கு நிதானம் போய்விடும். ஒரு முழுச் சாக்கை இறக்குவித்தார். வெயில் எப்போது எறிக்குமோ தெரியாத காலத்தில், ஒரு வருஷத்துக்குக் காணும் ஊறுகாயை ஒரே மூச்சில் போட்டுவிடும் திட்டம். மூன்று பேரும் குந்தியிருந்து, காயை நாலாகக் கீறி, அடி பிரியாமல் விரித்து, உப்பை அடைத்து நாலு சாடிகளில் போட்டோம். கீறல் காயங்களில் உப்புப் பட்டு விரலெல்லாம் எரிந்தது. வாயைத் துணியால் கட்டி மூடியும் வைத்த பிறகு, "மூண்டு கிழமைக்கு ஒருத்தரும் திறக்கப்படாது, குலுக்க மட்டுந்தான்" என்று பெரியம்மா கட்டளையிட்டார். துடக்கோடு, அதாவது மாதவிலக்கு நாளில், சாடியைத் தொட்டால் எல்லாம் பழுதாகும் என்பது அந்த வீட்டின் சட்டம். அந்த நாட்களில் அக்கா குசினிப் பக்கமே வரமாட்டார்.

கடைசிச் சாடிக்கு நான்தான் கைநிறைய உப்பள்ளிப் போட்டேன். எழும்பிக் கிணற்றடிக்குப் போனபோதுதான் பாவாடையில் கறையைப் பார்த்தேன். எனக்குக் கத்த வேண்டும்போல வந்தது. ஆனால் கத்தவில்லை. சொன்னால் தேர்வு போய்விடும். சொல்லாவிட்டால் சாடி சொல்லிவிடும். இதை நான் முழுமனதாக நம்பினேன், அதுதான் பெரிய கொடுமை. வைக்கோற்போருக்குப் பின்னால் துணியை ஒளித்துக் காயப்போட்டேன். ஒவ்வொரு காலையும் கிணற்றடியில் முகம் கழுவிய கையோடு ஓடிவந்து, ஆளில்லாத நேரம் பார்த்து அந்தக் கடைசிச் சாடியின் கட்டை அவிழ்ப்பேன். ஒரு காயைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவேன். பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, உப்புநீரின் மேலே வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஒரு காயையும் தொடாமல் அவசரமாகத் திரும்பக் கட்டிவைத்தேன்.

வெயில் கண்ட முதல் நாள், காய்களைப் பாயில் பரப்பப் பெரியம்மா சாடிகளைத் திறந்தார். முதல் மூன்றும் பொன்னாக இருந்தன. நாலாவதைத் திறந்தவர் முகத்தைச் சுளித்தார். எங்கள் இருவரையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"ஆரோ துடக்கோட கை வைச்சிருக்கு. ஆரெண்டு சொல்லுங்கோடி."

அவருடைய பார்வை அக்காவைக் கடந்து என்மேல் வந்து நின்றது. மேலிருந்து கீழாகப் பார்த்தார். தேர்வுக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"நான்தான் அம்மா. நாள் தெரியாமத் தொட்டுப்போட்டன்" என்றார் அக்கா, என் பக்கம் திரும்பாமலே.

விழுந்த அடியை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சாடியை வாய்க்காலோரம் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்த பெரியம்மா, "நாளைக் கவனிக்கத் தெரியாதவளுக்குத் தையலென்ன தையல்" என்று வகுப்பையும் நிறுத்தினார். நான் தேர்வு எழுதினேன், தேறினேன், போனேன். நான் பெரியபிள்ளையான செய்தியை, அப்போதுதான் ஆனதுபோல, அடுத்த பள்ளித் தவணையில் விடுதியிலிருந்துதான் சொல்லியனுப்பினார்கள். விஞ்ஞான வகுப்பில் ஈரமும் பூஞ்சணமும் பற்றிப் படித்த நாளில், சாடியைக் கெடுத்தது என் துடக்கல்ல, என் ஈரக்கை என்று விளங்கியது.

இதை அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு ஆயுள் பிடித்தது. போன மாதம் அவர் வந்திருந்தபோது சந்தையில் தேசிக்காய் மலிந்து கிடந்தது. ஒரு பை வாங்கிவந்து இருவருமாகக் கீறிக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டேன்.

"ஓம், தெரியும்" என்றார். "நீ ஒவ்வொரு நாளும் ஈரக்கையோட திறக்கிறதைக் கண்டனான். வைக்கோலுக்குப் பின்னால துணியையும் கண்டனான்."

"அப்ப ஈரக்கை எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா? உங்கட தையல் வகுப்பாவது மிஞ்சியிருக்கும்."

"ஈரக்கை எண்டால், ஏனடி திறந்தனீ எண்டு அம்மா உன்னைத்தான் கேட்டிருப்பா." கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "சரி, கையைத் துடைச்சிட்டு அந்தச் சாடியைத் திற."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தேன். பிறகு கண்ணைத் துடைக்க, கை மறுபடி ஈரமானது. அதைக் கண்ட அக்கா, எழுந்து வந்து தானே மூடியைத் திறந்தார்.