அம்மா மடித்த வெற்றிலை

தங்கையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று உறுதியானதும் நான் முதலில் செய்த வேலை, அம்மாவைக் கதிரையில் உட்காரப் பழக்கியதுதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வாழ்நாளில் பாதியைப் போடியார் வீட்டுக் குசினியில் கழித்த ஒருத்தியை, வயற்காரச் சம்பந்திக்கு எதிரே சரிக்குச் சரியாக உட்காரவைப்பது லேசான காரியம் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெரிய நிலக்காரரைப் போடியார் என்போம். அப்பா இறந்த பிறகு அம்மா எங்கள் ஊர்ப் போடியார் வீட்டில் சமைக்கப் போனார். எங்கள் இருவரையும் படிக்கவைத்தது அந்தக் குசினிதான். நான் ஆசிரியை ஆனேன். தங்கைக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை கிடைத்தது. அங்கே கூட வேலை செய்தவரைத்தான் அவள் விரும்பினாள். அவருடைய ஊர் வாவிக்கு அந்தப் பக்கம், வெல்லாவெளியிலிருந்து இன்னும் உள்ளே. வீட்டைச் சுற்றி அவர்களுடைய வட்டைதான், கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்.

கச்சேரி மேசையில் எல்லாரும் ஒன்றுதான். ஒரே கன்ரீனில் ஒரே தேத்தண்ணீர். வீட்டுக்கு வந்தால்தான் யார் யார் என்று தெரியும். அதிலும் எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பவர். ஆகவே வருகிறவர்கள் பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. சுவரைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள், தாயைப் பார்ப்பார்கள். அம்மா எங்கே வேலை செய்தார் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். தன் தாயிடம் அதைச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. "அவர் இல்லாட்டி எனக்குக் கலியாணமே வேணாம்" என்று தங்கை சொல்லி அழுத நாளிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தேன்.

"அவ வந்தா என்னெண்டு கூப்பிடுவீங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா எண்டு."

"அம்மா இல்லகா, மச்சாள். சம்பந்தி உங்களுக்கு மச்சாள்தானே."

"ஓம் புள்ள, மச்சாள்தான். வாய்தான் வருகுதில்ல."

கதிரையின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல அம்மா உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சாய்ந்து இருங்கள் என்றேன். சாய்ந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மாணவர்களை அதட்டுவது போல அம்மாவை அதட்டினேன். அவர் அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

அவர்கள் வந்த அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. ஆண்கள் முன் விறாந்தையில் மாமாவோடு இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் உள்ளே வந்தார். பெரிய தோடு, குறைந்த பேச்சு. அம்மா பித்தளை வட்டாவில் வெற்றிலை அடுக்கி அவர் முன்னால் வைத்தார். வந்தவருக்கு வட்டா வைப்பதுதான் எங்கள் மரியாதை. வந்தவர் அதிலிருந்து தானே எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொள்வார். சமமானவர்களுக்குள் அதுதான் முறை. இன்னொருவர் மடித்துக் கொடுப்பது வேறு கதை. புருசனுக்கு மடித்துக் கொடுத்தால் அன்பு. அடுத்த வீட்டில் மடித்துக் கொடுத்தால் வேலை.

"இரிங்க மச்சாள்" என்று அம்மா சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. கதிரையிலும் உட்கார்ந்தார். சாயவும் செய்தார். விதைப்பைப் பற்றிப் பேசினார்கள், வாவியில் இறால் குறைந்துபோனதைப் பற்றிப் பேசினார்கள். தங்கை பலகாரத் தட்டோடு வந்து போனாள். அந்த அம்மாளின் கை வட்டாப் பக்கம் போகவே இல்லை. தொடாமல் எழுந்து போய்விட்டால் கலியாணப் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். நான் வட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பார்கள். மடித்த கையும் அப்படித்தான். திரும்பிப் பார்த்தபோது அம்மா கதிரையில் இல்லை. வட்டாவுக்குப் பக்கத்தில், தரையில் இருந்தார். வெற்றிலையின் நரம்பை உரித்து, சுண்ணாம்பு பூசி, பாக்குச் சீவல் வைத்து முக்கோணமாக மடித்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி நீட்டிக்கொண்டிருந்தார். போடியாரின் மனைவிக்கு நீட்டிய அதே நீட்டல். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். கதவு மறைவில் நின்ற தங்கை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மாள் மடித்த வெற்றிலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு வாங்கி வாயில் போட்டார்.

"நல்ல பக்குவமா மடிக்கிறீங்க" என்றார். மென்று முடித்துவிட்டுத்தான் நாள் பார்ப்பதைப் பற்றிப் பேசினார். போகும்போது, "கலியாணத்தண்டும் நீங்கதான் எனக்கு மடிச்சுத் தரணும்" என்று சிரித்தார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம். தங்கை என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. அவர் சொன்னது உறவா, உத்தரவா என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை தங்கமானவர், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது தங்கை பிள்ளைத்தாய்ச்சி. அவளைப் பார்க்க மாமியார் அடிக்கடி வாவியைக் கடந்து வருகிறார். வந்தால் கதிரையில் இருப்பார், அம்மா தரையில் இருப்பார், வட்டா நடுவில் இருக்கும். "ஒரு வெத்திலை மடிங்களன் மச்சாள்" என்று அவர் கேட்பார், அம்மா மடிப்பார். பக்கத்து வளவில்தான் என் வீடு. அவரைக் கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே போய் நின்று பார்ப்பேன். பார்த்துவிட்டு என்ன செய்வது என்றுதான் தெரியாது. தங்கை மாப்பிள்ளையோடு நிம்மதியாக இருக்கிறாள், என் வாய் ஒன்று சொன்னால் அவள் தலையில் விடியும்.

ஒருநாள் அம்மாவிடமே கேட்டேன். "ஏனம்மா இன்னும் மடிக்கிறீங்க? நீங்க இப்ப வேலைக்காரியா?"

அம்மா கோபப்படவில்லை. "அவ என்னட்டக் கேட்டுத்தானே வாங்குறா புள்ள. போடியார் வீட்டில ஆரும் கேக்கிறல்ல. கைய நீட்டுவாங்க, நான் வைப்பன். கேக்கிறவரைக்கும் அவ எனக்கு மச்சாள்தான்" என்றார். இவ்வளவு தெளிவாக அவர் எல்லாவற்றையும் பார்த்துவைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதே என் வேலையாகிவிட்டது.

போன ஞாயிறு மாமியார் வந்திருந்தார். போனில் யாரோடோ அறுவடை மெஷினைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கையை மட்டும் அம்மாவின் பக்கம் நீட்டினார்.

அம்மா மடித்து முடித்திருந்தார். நீட்டிய கையைக் கண்டதும் அவருடைய கை பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பேசிவிடாதே அக்கா என்று தங்கையின் கண்கள் கெஞ்சின. நான் பேசவில்லை. அம்மாவின் கையிலிருந்த வெற்றிலையை எடுத்து என் வாயில் போட்டேன். வட்டாவைத் தூக்கி மாமியாரின் மடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெறும் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகுதான் அவர் திரும்பினார். போனை வைத்தார். என் வாயைப் பார்த்தார், வட்டாவைப் பார்த்தார். தங்கை வயிற்றைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் மெதுவாக ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளத் தொடங்கினார். இதற்கு என்ன விலை, அதைத் தங்கையா கொடுக்கப்போகிறாள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

வாய் சிவந்தால் ரீச்சருக்கு மரியாதை இல்லை என்று வெற்றிலையைத் தொட்டதே இல்லை நான். சுண்ணாம்பும் பாக்கும் அத்தனை பக்குவம். ஊரில் எத்தனையோ பேர் தின்ற அம்மாவின் வெற்றிலையை நான் அன்றுதான் முதன்முதலாகத் தின்றேன்.