அத்தான் செய்த ஒரே பிரசங்கம்

என் அக்கா வீட்டுக்காரர் முடி திருத்துகிறவர். பேச்சில் சூரர். ஆனால் அதற்குக் கண்ணாடி வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவருக்குப் பின்னால் நின்று, எதிரே கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்தபடி ஊர் உலகத்தையே அலசிவிடுவார். அதே ஆள் தெருவில் நேருக்கு நேர் வந்தால் "சாப்டீங்களா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பக்கத்திலேயே நான் மின்விசிறி, மிக்ஸி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பதால் இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அப்படிப்பட்ட அத்தான் போன வருஷம் திடீரென்று சோர்ந்துபோனார். கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மனசுதான் சரியில்லை.

"என்னடா பொழப்பு இது? இன்னிக்கு வெட்டுறேன், அடுத்த மாசம் வளர்த்துக்கிட்டு வந்து நிக்கிறாங்க. இத்தனை வருஷத்துல நான் செஞ்சதுன்னு காட்ட ஒண்ணு உண்டா?" என்று தரையில் கிடந்த முடியைக் காட்டிக் கேட்டார்.

"வளரலைன்னாதானே அத்தான் உங்களுக்குக் கஷ்டம்?" என்றேன். துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு வந்தார்.

அக்கா ஒரு ஞாயிறு விடாமல் சபைக்குப் போகிறவள். அத்தான் அவளை வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு நாள் கொட்டிய மழையில் ஒதுங்க இடமில்லாமல் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நம் தலையிலுள்ள ஒவ்வொரு முடியையும் ஆண்டவர் எண்ணி வைத்திருக்கிறார் என்று பாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் ஆடிப்போய்விட்டார்.

"நான் பெருக்கித் தள்ளுற குப்பைடா அது! அதைப் போய் ஒருத்தர் எண்ணிக்கிட்டு இருக்காரா? அப்போ என்னையும் கணக்குல வெச்சிருப்பார்ல?" என்று என்னிடம் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கல்யாணம், சாவுக்கு மட்டும் சபைப் பக்கம் தலைகாட்டுகிற ஆள். "அதை அக்காகிட்ட கேளுங்க அத்தான்" என்றேன். ஆனால் அன்றிலிருந்து அவர் கடையில் மறுபடி சீட்டிச் சத்தம் கேட்டது. எனக்கும் அக்காவுக்கும் அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் நிலைக்க விடுவாரா? சில மாதத்தில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கடையை விட்டுவிட்டுப் பிரசங்கம், ஜெபம் என்று முழுநேர ஊழியம் செய்யப் போகிறாராம். அந்த இடத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த போன் கடைக்காரரிடம் பேசியும் முடித்துவிட்டார்.

"ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. உங்களுக்கென்ன கிறுக்கா?" என்றாள் அக்கா.

"ஆண்டவருக்கு உருப்படியா ஏதாவது செய்யணும்ல? முடி வெட்டுறதெல்லாம் ஒரு வேலையா?"

அக்கா பாஸ்டரிடம் போய் முறையிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "வர்ற ஞாயிறு பத்து நிமிஷம் பேசட்டும், பார்ப்போம்" என்றார். வாரம் முழுக்கக் கடைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்தது. சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகப் பேசினார். நானே போய்க் கேட்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினார். அங்கே கண்ணாடி இல்லை. சபை நிறைய முகங்கள் அவரையே பார்த்தன. வியர்த்துக் கொட்டியது. தொண்டையைச் செருமினார், மறுபடி செருமினார். வாயில் வந்தது தொழில் பேச்சுதான்:

"எல்லாரும்... தலையைக் கொஞ்சம் குனிங்க."

ஜெபம் செய்யப் போகிறார் என்று நினைத்து எல்லோரும் குனிந்தார்கள். வரிசை வரிசையாகப் பிடரி. பாதிக்கு மேல் அவர் கைபட்ட பிடரி. அவ்வளவுதான், அத்தானுக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. ஒவ்வொருவருக்காகவும் உருகி உருகி வேண்டினார். ஒருவருடைய முழங்கால் வலி, இன்னொருவருடைய பேத்தியின் படிப்பு. சபை "ஆமென், ஆமென்" என்றது. அந்த வேகத்தில் டை சாரிடம் வந்தார். கழுத்தில் டை கட்டாமல் அந்த மனிதரை யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர்.

"ஆண்டவரே, டை சாருக்கு இரங்கும். வேலை போனதை வீட்ல சொல்ல முடியாம, தினமும் சாப்பாட்டு டப்பாவோட போய் பூங்காவுல உக்காந்திருக்காரே..."

ஆமென் சொல்ல வந்த சபை வாயடைத்துப்போனது. மூன்றாவது வரிசையில் டை சாரின் மனைவி மட்டும் தலையை நிமிர்த்தினார்.

வீட்டுக்கு வந்த அத்தான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "நாற்காலியில உக்காந்து நம்பிச் சொன்னதைப் போட்டு உடைச்சுட்டேனே! ஊழியத்துக்கும் லாயக்கில்லை, தொழிலுக்கும் லாயக்கில்லை. நாளைக்கே சாவியைக் கொடுத்துடுறேன்."

"சாவி அப்புறம். முதல்ல போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. டேய், நீயும் கூடப் போடா" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் போனோம். அத்தான் சவரப் பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். எதற்கு என்றால், "கையில இருக்கட்டும்டா, தைரியமா இருக்கும்" என்றார்.

டை சாரின் மனைவி கதவைத் திறந்தார். முகம் வீங்கியிருந்தது. உள்ளே கையைக் காட்டினார். சாப்பாட்டு மேசை அருகே டை சார் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டை இல்லை. அத்தான் வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பிறகு அவர் மெல்ல நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, டை சாரின் தலையில் கை வைத்தார்.

"நிமிந்து உக்காருங்க சார். தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க."

டை சார் நிமிர்ந்தார். "ராத்திரி முழுக்க உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்."

"திட்டுங்க சார்."

"இவ என்னை ஒரு வார்த்தை திட்டலை. 'இத்தனை நாளும் தனியாவா உக்காந்திருந்தீங்க?'ன்னு கேட்டுட்டு அழுதா. அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆகிடாது."

"ஆகாது சார்."

டை சார் தன் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டார். "வேலை போன பிறகு என்னை நிமிந்து உக்காருன்னு சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான்யா. அதுக்காகவே முடி எப்ப வளரும்னு காத்துக்கிட்டு இருப்பேன். கடையைக் கொடுக்கப் போறீங்களாமே, அந்த நாற்காலியையும் எடுத்துட்டா நான் எங்க போறது?"

அத்தான் சோப்பு நுரையைக் குழைத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கி அழுதார். சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "அழுதுக்கிட்டே கத்தியை எடுக்காதீங்க! இன்னிக்கு எங்க அண்ணன் கம்பெனியில இவரை வரச் சொல்லியிருக்காங்க. காதோட போகட்டும்."

முதலில் சிரித்தது டை சார்தான். "இனிமே எனக்காக ஜெபம் பண்றதா இருந்தா மனசுக்குள்ள பண்ணுங்க" என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது போன் கடைக்காரர் டேப்பை வைத்துக் கடை வாசலை அளந்துகொண்டிருந்தார். அத்தான் அவரைத் தாண்டிப் போய் ஷட்டரைத் தூக்கினார்.

"இடம் காலியில்லைங்க."

"ஊழியத்துக்குப் போறேன்னு சொன்னீங்களே?"

"ஆமா, போய்ச் சேந்துட்டேன். இதுதான் இடம்."

போன் கடைக்காரர் விளக்கம் கேட்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"போன வாரம்தானேடா வெட்டினேன்?" என்றார் அத்தான்.

"வெட்ட வேண்டாம் அத்தான். கொஞ்சம் பேசணும்."

அவர் துணியை உதறி என் கழுத்தில் கட்டினார்.