மூன்றாம் கியரின் முனகல்

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நனைந்து காய்ந்து அப்பளமாகிப்போன ஒரு கோடுபோட்ட தாள். ஏழு வரிகள், என் கையெழுத்து. முதல் நான்கு வரிகளுக்கும் எந்தக் கோயிலிலும் நான் சத்தியம் பண்ணுவேன். மிச்ச மூன்றுக்கும்கூடப் பண்ணுவேன், பிரச்சினையே அதுதான். அந்த மூன்று வரிகளை நான் எழுதியதால், உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ஒருவனைத் தேடி யாரும் போகவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில், ஒரு கார்ப் பட்டறையில் வேலை செய்தேன். அங்கே யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர். நான் ஒருவன், என்னைவிடப் பத்து வயது மூத்த அண்ணை மற்றவர். அவர் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனால் அந்த நகரத்தில் தமிழில் திட்டு வாங்க வேறு ஆள் இல்லாததால் சொந்தமாகிப்போனார்.

பட்டறை முதலாளிக்குப் பந்தயப் பைத்தியம். பத்திரிகையில் படம் வருகிற பந்தயங்கள் இல்லை. மனைவியும் பிள்ளைகளும் ஏறிச் சந்தைக்குப் போகிற சாதாரணக் காரை வாங்கி, பின் இருக்கையைக் கழற்றி எறிந்து, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி ஓடவிடுகிற பந்தயம். எங்கள் காரை ஓட்டியவன் பக்கத்துத் தெரு பேக்கரிக்காரன். கிழமை முழுவதும் அடுப்புக்கு முன்னால் நிற்பவன், ஞாயிற்றுக்கிழமையில் ராசா. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு கடதாசிப் பை நிறையச் சுடச்சுடப் பாண் கொண்டுவருவான். அதைத் தின்று முடிக்காமல் ஒருவரும் கருவியைத் தொடக்கூடாது, அது அவனுடைய சட்டம்.

பந்தயப் பாதை ஐஃபெல் மலைக்காட்டுக்குள் பாம்பாய் நெளிந்து போகும். ஒரு சுற்று முடிக்கவே பதின்மூன்று நிமிடம். கார் எங்களைக் கடந்து காட்டுக்குள் போய்விட்டால், அந்தப் பதின்மூன்று நிமிடமும் அவன் இருக்கிறானா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. கார்கள் பழுதுபார்க்க ஒதுங்குகிற இடத்தையும் பாதையையும் பிரித்து இடுப்பளவில் ஒரு மதில் இருந்தது. அந்த மதிலில் அண்ணை ஒரு கறுப்புப் பலகையோடு நிற்பார். எத்தனையாவது சுற்று, எத்தனையாவது இடம் என்று சோக்கால் எழுதி, அவன் கடக்கும்போது தூக்கிக் காட்டுவார். நான் ஸ்டொப் வாட்சோடு பக்கத்தில் நின்று, அவன் கடந்த நேரத்தைத் தாளில் எழுதுவேன்.

எனக்கு அந்த வேலையில் இருந்த தலைக்கனம் கொஞ்ச நஞ்சமில்லை. முந்திய பந்தயத்தில் அலுவலர்கள் எங்கள் காரின் ஒரு சுற்றை எழுதாமல் விட்டுவிட்டார்கள். நான் தாளைத் தூக்கிக்கொண்டு அவர்களின் அறைக்குள் போய், எனக்குத் தெரிந்த ஜெர்மன் கெட்டவார்த்தை எல்லாவற்றையும் ஒழுங்கான மரியாதைச் சொற்களுக்கு நடுவில் செருகிச் சண்டை போட்டேன். கடைசியில் என் தாள்தான் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த அலுவலர்கள் என்னைக் கண்டால் தொப்பியைத் தொடுவார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்!

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். அந்தக் காரின் கியர்பாக்ஸை நான்தான் பிரித்துப் பூட்டினேன். எங்கேயோ ஒரு மயிரிழை பிசகிவிட்டது. மூன்றாம் கியரில் ஓடும்போது மட்டும் மெல்லிய முனகல் ஒன்று வரும். மதிலைத் தாண்டியதும் ஒரு இடதுபக்க வளைவு. அவன் அங்கே மூன்றுக்கு இறக்குவான், அது முனகும். அறுபது கார் ஓடினாலும் அந்த முனகலை நான் பிரித்தெடுப்பேன். தன் பிள்ளையின் அழுகை தாய்க்குத் தெரியாதா?

அன்று காலை புல்லெல்லாம் ஈரம். பாண் தின்றோம். முதலாளி சக்கர ஆணிகளை இரண்டாம் தடவை இறுக்கினார். பேக்கரிக்காரன் தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைச் சீண்டினான்.

“உன் கியர்பாக்ஸ் இன்னும் அழுகிறது.”

“அழட்டும். உடையாது.”

“அது நின்றால்தான் எனக்குப் பயம்” என்றான். “அழும்வரைக்கும் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்.”

பகிடியாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன்.

ஏழு சுற்றுப் பந்தயம். முதல் இரண்டு சுற்றும் சுத்தமாகப் போயின. மூன்றாவதில் மலைப்பக்கமிருந்து வெள்ளைப் பனிமூட்டமாய்ப் புகார் இறங்கத் தொடங்கியது. நான்காவது சுற்றை முடித்து அவன் கடந்தபோது எங்கள் நீலக் காரை நான் கண்ணால் கண்டேன். முன்விளக்கு இரண்டும் எரிந்தன. கையைக்கூடத் தூக்கினான். அதற்குப் பிறகு எதிரே இருந்த மேடை மறைந்தது, கொடிக்கம்பம் மறைந்தது, பாதையே மறைந்தது. பந்தயத்தை நிறுத்துவார்கள் என்று நினைத்தோம், நிறுத்தவில்லை. கார்கள் மஞ்சள் வெளிச்சமாய் ஊறி வந்து, உறுமி, கரைந்து போயின. இலக்கத்தை வாசிக்க எங்களில் ஒருவராலும் முடியவில்லை.

பதின்மூன்று நிமிடம் ஆனது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு உறுமல் வந்து கடந்தது. பிறகு, இடதுபக்க வளைவில், அந்த முனகல். நான் பொத்தானை அமுக்கினேன். பதின்மூன்று நிமிடம் பதினான்கு வினாடி.

“அஞ்சு” என்றேன்.

அண்ணை பலகையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். “என்னடா அஞ்சு?”

“எங்கட கார் போகுது அண்ணை. கேக்கேல்லையே?”

“எனக்கொண்டும் கேக்கேல்லை. வெளிச்சமும் வரேல்லை.”

“லைட் உடைஞ்சிருக்கும்.”

“ரெண்டு லைட்டுமோ? தம்பி, எழுதாதை. கண்ணால காணுறதும் பொய், காதால கேக்கிறதும் பொய் எண்டு சும்மாவே சொன்னவங்கள்?”

“நீங்கள் பலகையைப் பிடியுங்கோ அண்ணை. எழுதுறது என்ரை வேலை.”

எழுதினேன். அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் நாக்குக் கூசுகிறது.

கொஞ்ச நேரத்தில் மழைச்சட்டை போட்ட அலுவலர் ஒருவர் மதிலோரமாக வந்தார். எங்கள் இலக்கம் ஐந்தாவது சுற்றில் அவர்களின் தாளில் இல்லையாம். கார் வழியில் நின்றிருக்கலாம், தேட ஆள் அனுப்பவா என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். அண்ணை நிலத்தைப் பார்த்தார். நான் தாளை நீட்டினேன்.

“போன முறையும் நீங்கள்தான் தவறவிட்டீர்கள்” என்றேன்.

அவர் என் எழுத்தைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டார், “அப்படியென்றால் சரி” என்று புகாருக்குள் போய்விட்டார்.

ஆறாவது சுற்றில் முனகல் பிந்தித்தான் வந்தது. பதின்மூன்று நிமிடம் நாற்பத்தொரு வினாடி. “நேரத்தைத் தின்னுறானே பாவி!” என்று நான் கத்தினேன். அண்ணை பலகையை மதிலுக்கு வெளியே நீட்டி, தலையையும் நீட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். அவருடைய கைமயிர் குத்திட்டு நின்றதைக் கண்டேன்.

“தம்பி, இப்ப ஒரு காரும் போகேல்லையடா” என்றார். “காத்துக்கூட அசையேல்லை.”

“விசர்க்கதை கதையாதேங்கோ.”

ஏழாவதில் பன்னிரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு. அன்றைய பந்தயத்தில் எங்களின் மிகச் சிறந்த நேரம், அதுவும் கண் தெரியாத புகாரில்! முதலாளி என் முதுகில் ஓங்கி அறைந்தார். கொடி அசைத்ததாக ஒலிபெருக்கி சொன்னது. கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நிற்கத் தொடங்கின. எங்களுடையது வரவில்லை. பத்து நிமிடம் நின்றோம், இருபது நிமிடம் நின்றோம். முதலாளியின் சிரிப்பு முகத்திலேயே கிடந்து காய்ந்தது.

அண்ணை பலகையைக் கீழே போட்டார். அது மதிலடியில் முகம் குப்புற விழுந்தது. “வா” என்றார். அலுவலர்கள் தேட அனுப்பிய அம்புலன்ஸின் பின்னால் முதலாளியின் வான் வண்டியில் போனோம். மதிலில் எங்கள் ஆள் ஒருவரும் இல்லை.

மதிலிலிருந்து நாலைந்து நிமிடத் தூரத்தில் ஒரு வளைவு. பாதையோர வேலிச்செடி ஒரு கார் அகலத்துக்குப் பிய்ந்திருந்தது. கீழே ஊசியிலை மரங்களுக்கு நடுவில் எங்கள் நீலக் கார் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அவன் உள்ளே இருந்தான். மூச்சு இருந்தது. வலது கால் நசுங்கிய தகரத்துக்குள் மாட்டிக் கிடந்தது. தீயணைப்புக்காரர் தகரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது நான், பழக்கதோசத்தில், எஞ்சின் மூடியில் கை வைத்தேன்.

பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. மூடி இடுக்கால் கையை விட்டு எஞ்சினையே தொட்டேன். அதுவும் குளிர். பந்தயம் ஓடிய எஞ்சின் லேசில் ஆறாது, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். மூடியின் பள்ளத்தில் புகார்நீர் தேங்கியிருந்தது, அதில் ஊசியிலைகள் விழுந்து மிதந்தன. இது இப்போது வந்து மோதிய கார் இல்லை.

“எவ்வளவு நேரமாய் இஞ்சை கிடக்குது?” என்று அண்ணை என்னைக் கேட்டார். அவருக்குப் பதில் தெரியும். ஐந்தாவது சுற்றுத் தொடங்கி நாலைந்து நிமிடத்தில் இறங்கியிருக்கிறான். நான் எழுதிய மூன்று சுற்றும் அவன் இந்த மரங்களுக்குள் இருந்திருக்கிறான். அங்கேயே ஒரு மரத்தடியில் காலையில் தின்ற அவனுடைய பாணையெல்லாம் வாந்தியெடுத்தேன்.

அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் முதலாளியிடம் சொன்னார். முதலாளி அதை என்னிடம் சொல்லவில்லை, அண்ணைதான் சொன்னார். “உனக்கு இது தெரிஞ்சிருக்க வேணும்” என்றார். அத்தனை நாளாகச் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் திட்டிய மனிதர், அன்று திட்டவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லி, அவன் கையால் அறை வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் எண்ணம். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. நான் கதிரையில் இருக்க முன்னமே அவன் பேசத் தொடங்கினான்.

“ஆறாவதில் கெடுத்துவிட்டேன். பாலத்துக்குப் பிறகு உன் மூன்றாம் கியர் விழவில்லை. ஒரு அரை நிமிடம் போயிருக்குமே?”

தாளை நான் இன்னும் வெளியே எடுக்கவில்லை. கடைசி இரண்டு வரிகளை அண்ணையையும் முதலாளியையும் தவிர வேறு ஒருவருக்கும் காட்டியதுமில்லை.

“ஏழாவதில் விட்டதைப் பிடித்தேன். பதின்மூன்றுக்குக் கீழே வந்திருப்பேன், இல்லையா?”

“உனக்கு இதை யார் சொன்னது?” என்றேன். “முதலாளி வந்தாரா?”

“சொல்ல என்ன இருக்கிறது? ஓட்டினது நான்தானே.”

அப்போது எல்லாவற்றையும் கொட்டினேன். நீ ஐந்தாவதிலேயே மரத்துக்குள் போய்விட்டாய். அலுவலர் தேட வந்தார். நான்தான் தடுத்தேன். என் வாய்க்கொழுப்புத்தான் உன் காலைத் தின்றது. அழுதுகொண்டுதான் சொன்னேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அவன் நெற்றியைச் சுருக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வருகிறதா என்று அந்த முகத்தில் தேடினேன். அவன் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான்.

“கொடிக்குப் பிறகு இன்னொரு சுற்று மெதுவாக வந்தேனே” என்றான். “எட்டாவது. அதை நீ எழுதவில்லையா?”

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

“எப்படி எழுதுவாய்? மதிலில் உங்களில் ஒருவரும் இல்லையே. பலகை முகம் குப்புறக் கிடந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூப்பிட்டேன். எல்லோரும் எங்கே போனீர்கள்?”

பலகை விழுந்ததை நானும் அண்ணையும்தான் பார்த்தோம்.

“உன்னைத் தேடிப் போனோம்” என்றேன்.

அவன் போர்வையின் தட்டையான பக்கத்தைத் தடவினான்.

“பிந்திப் போனீர்கள்” என்றான்.