உரம் கேட்டவர்களும் நான் சொன்ன பதில்களும்

உரக்கடைக்கு வருகிறவர்கள் பயிருக்கு என்ன வியாதி என்று சொல்வதில்லை; மருந்தின் பெயரைத்தான் சொல்வார்கள். ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். கல்லூரியில் படித்தது தாவரவியல். ஏதாவது ஒரு கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு நான் படும் பாட்டை விளக்கத் தேவையில்லை.

துரு நிறப் புள்ளி

தேவராஜ் தென்னேரியில் இரண்டு ஏக்கர் நெல் நட்டிருந்தார். மூன்றாவது வாரத்தில் இலையெல்லாம் துரு நிறப் புள்ளி. பயிர் வளரவே இல்லை. இரண்டு முறை யூரியா போட்டுப் பார்த்துவிட்டு, "பூச்சி மருந்து ஸ்ட்ராங்கா குடும்மா" என்று வந்தார். கையில் பிடுங்கி வந்த பயிரைப் பார்த்தேன். பூச்சி இல்லை, துத்தநாகக் குறை. "பயிருக்குள்ள நொதின்னு ஒண்ணு இருக்குதுங்க. உரத்த வளர்ச்சியா மாத்தறது அதுதான். சில நொதிக்குத் துளி துத்தநாகம் இல்லன்னா வேலையே நடக்காது. யூரியா எவ்ளோ கொட்டினாலும் வீண்" என்றேன். துத்தநாகம் உள்ள ஜிங்க் சல்பேட் கொடுத்து, டி.ஏ.பி. என்கிற மணிச்சத்து உரத்தோடு மட்டும் கலக்காதீர்கள் என்று மூன்று தடவை சொன்னேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். பயிர் அப்படியே இருக்கிறதாம். விசாரித்தால், இரண்டையும் கலந்துதான் வீசியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் வேர் எடுக்க முடியாதபடி மண்ணில் கெட்டிப்பட்டுவிடும். இந்தத் தடவை தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளிக்கச் சொன்னேன்; வரப்பில் நானே போய் நின்றேன். இரண்டு வாரத்தில் புது இலை பச்சையாக வந்தது. ஏன் கலந்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது:

"ரெண்டு தரம் சேத்துல எறங்க முட்டி ஒத்துக்கலம்மா. வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானேன்னு நெனச்சிக்கினேன்."

முளைக்காத மூட்டை

அஞ்சலை குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவர். நாற்றங்கால் உழுது தண்ணீர் கட்டிவிட்டார். நான் விற்ற விதைநெல்லோ ஊறவைத்து நான்கு நாளாகியும் முளைவிடவில்லை. கடையில் ஆட்கள் இருந்த நேரமாகப் பார்த்து, ஈர மூட்டையை வாசலில் கவிழ்த்துவிட்டார். "செத்துப்போன நெல்ல வித்துட்டீங்களே, இந்த பட்டம் போனா நான் என்னாத்த வெச்சு சாப்புடுவேன்?"

அது அறுத்து ஒரு மாதம்கூட ஆகாத நெல். புது நெல்லுக்கு உறக்கம் உண்டு. உள்ளே ஜிப்ரலின் என்கிற ஹார்மோன் கிளம்பினால்தான் மாவைச் சர்க்கரையாக்கும் நொதி உண்டாகும். அந்தச் சர்க்கரையில்தான் முளை வளரும். பழைய இருப்பிலிருந்து வேறு விதை கொடுத்து அன்றே அனுப்பினேன். அவருடைய நெல்லில் இருபதை எடுத்து, பத்தைத் தண்ணீரிலும் பத்தை ஜிப்ரலின் கலந்த தண்ணீரிலும் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி மேஜைமேல் வைத்தேன். ஐந்தாம் நாள் அவர் வந்தபோது மருந்துத் துணியில் எட்டு முளை. வெறும் தண்ணீர்த் துணியில் ஒன்று. ஜெயித்துவிட்ட நினைப்பில் இருந்தேன். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ சாவல, தூங்கிக்கினு இருந்துக்குது. இத விக்கும்போதே சொல்ல உங்களுக்கு வாய் வலிச்சுதாம்மா?"

கசக்கிற கீரை

செவிலிமேட்டிலிருந்து வந்தவர் வீட்டுக்குப் பின்னால் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அங்கேயே கீரைப் பாத்தியும் வைத்திருக்கிறார். கீரை வெளுத்துப்போனது, அதற்கு டானிக் கேட்டார். எந்தத் தண்ணீர் விடுகிறீர்கள் என்றேன். சாயம் அலசின தண்ணீராம். சில சாயத்தில் செம்பு, குரோமியம் எல்லாம் இருக்கும். செம்பு செடிக்குக் கொஞ்சம் வேண்டியதுதான்; அளவு மீறினால் நொதிகளை முடக்கிவிடும். உங்கள் சாயத்தில் என்ன இருக்கிறது என்பது சோதித்தால்தான் தெரியும், அதுவரை யாரும் சாப்பிடாதீர்கள் என்றேன். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிறோமே என்று முகம் வெளுத்துப் போனார். அன்றே மொத்தத்தையும் பிடுங்கிவிட்டாராம். மறுநாள் அவர் மனைவி வந்தார், நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"ஆறு மாசமா கீரை கசக்குதுன்னு நான் சொல்லிக்கினே இருக்கறேன், என் சமையல்தான் சரியில்லன்னாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னதும் புடுங்கிட்டாரு. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் முன்னாடியே இவர கடைக்கு அனுப்பியிருப்பேனே!"

செடிக்குள் என்ன நடக்கிறது என்று மூன்று வருடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர்கள், அந்தச் செடியிடம் போய்ச் சேர மனிதர்களைத் தாண்டிப் போகவேண்டும் என்பதை மட்டும் பாடத்தில் சேர்க்கவில்லை.