பாவலுக்கு நீறு

கொல்லயில் என்ற ஊரில் நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தருகே ஒரு பாகற்பந்தல். என் வயதுக்காரி விஜி இலை இலையாகப் புழு பொறுக்குகிறாள். இந்தப் பந்தலும் அழிந்தால் மாமனார் வாழை வைத்துவிடுவாராம்.

“பாவலுக்கு நீறு கிட்டினா மதி,” என்கிறாள். பாகலுக்கு நீறு கிடைத்தால் போதுமாம்.

நான் தாவரவியல் முதுகலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஆனாலும் அம்மா கொடுத்தனுப்பிய திருநீற்றுப் பொட்டலத்தைத்தான் நீட்டுகிறேன்.

அவள் குலுங்கிச் சிரிக்கிறாள். “இது நெத்தியில பூசுறதாக்கும், மக்கா! நீறுன்னா உறும்பு!” மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கட்டிய முசுறு எறும்புக் கூட்டைக் காட்டுகிறாள்.

எனக்குக் கவலை. “தேனீயையும் விரட்டிவிடுமே. பிறகு எப்படிக் காய்க்கும்?”

“வெயில் ஏறினாத்தான் நீறு எறங்கும். தேனீ காலத்தே, வெயிலுக்கு முன்ன வந்துட்டுப் போவும்.”

நான் கிளையை வளைத்துப் பிடிக்க, அவள் கூட்டை வெட்டிப் பந்தலில் கட்டுகிறாள். இருவருக்கும் நல்ல கடி. பஸ் போய்விடுகிறது. கைகளை ஊதிக்கொண்டு பார்க்கிறோம். ஒரு செவ்வெறும்பு கொடியில் இறங்கி, முதல் புழுவைக் கவ்வி இழுக்கிறது.

விஜி கண்ணை எடுக்கவில்லை. “ஓடிப்போய் மாமாவ விளிச்சிட்டு வா, மக்கா.”