தடவினால் தெரியாத வண்டி

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். ஐந்து பேருக்கும் சோறு போட்டவை இந்தப் பத்து விரல்கள். கனடாவில் என் மகள் செல்வி வாங்கியிருக்கும் புது வண்டி எப்படி என்று ஊரிலிருந்து நீங்கள் எல்லாரும் போனில் கேட்கிறீர்கள். அதில் இந்த விரல்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

பழைய வண்டியில் காற்றுக்கு ஒரு திருகு, சூட்டுக்கு ஒரு திருகு இருந்தது. செல்வி சாலையைப் பார்த்துக்கொண்டே கையால் தேடித் திருகுவாள். இதில் முன்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடிப் பலகை. எல்லாம் அதற்குள் படமாகப் போய்விட்டன. எங்கே தொட்டாலும் வழவழவென்று ஒன்றுபோல இருக்கிறது. கண்ணால் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். ஓட்டுகிறவள் அங்கே பார்த்தால் சாலையை யார் பார்ப்பது?

நம்ம ஊர் தோணிரேவில் ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடிப்பேன். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இது இறால், இது நண்டு, இது வெறும் சிப்பி என்று விரல்தான் சொல்லும். கண் கரையில் படுத்திருக்கும் பிள்ளைமேல் இருக்கும். விரலையும் கண்ணையும் ஒரே இடத்தில் கட்டிப்போட்ட புத்திசாலி யாரோ, பிள்ளையை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கமாட்டான்.

போன வாரம் காலையில் பேத்தி யாழினியைப் பள்ளியில் விடப் போனோம். வெளியே பனி, உள்ளே மூன்று பேர் மூச்சு. முன்கண்ணாடியில் வெள்ளையாகப் புகை படிந்துவிட்டது. செல்வி பார்க்காமல் பலகையைத் தொட்டாள். என் இருக்கைதான் சூடானது. பிறகு, வாயால் சொன்னால் கேட்கும் பொத்தானை அழுத்தினாள். வண்டி இங்கிலீஷில் ஏதோ கேட்டது. நான் முந்திக்கொண்டேன்.

“இன்னா? இன்னா கேக்குது?”

“ஐயோ, நீ வாய மூடும்மா!”

போன் மணி அடித்தது. வண்டிக்குள் ஒரு வெள்ளைக்காரியின் குரல். “ஹலோ, செல்வி?”

செல்வியோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அன்னா. என் இன்னாவை வண்டி அன்னா என்று எடுத்துக்கொண்டு அவளுக்குப் போன் போட்டுவிட்டது.

“இன்னாடி இது, யாரு இவ?”

“யெஸ், யெஸ், அன்னா!” என்றாள் அவள், சந்தோஷமாக.

நான் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன். கையகல ஓட்டை விழுந்தது. அதில் ஒரு லாரியின் பின்பக்கம் முழுசாகத் தெரிந்தது. செல்வி பிரேக்கை மிதித்தாள். ஒரு முழம் மிச்சம். பின்னால் யாழினி இன்னும் அன்னாவை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வண்டியை ஓரங்கட்டினாள்.

மறுநாள் புகை போக்கும் படம் எதுவென்று யாழினியிடம் கேட்டு, அதன்மேல் என் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். விரலுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா?

“ஆயா, வேற பேஜ் போனா அங்க போன் படம் வந்துடும்.”

“நகந்துடுமா? சேத்துல கெடக்கற சிப்பிகூட வெச்ச எடத்துல கெடக்குமேடி.”

செல்வி அந்தப் பொட்டைப் பிய்க்கவில்லை. நான் மடியில் ஒரு துண்டோடு முன்னால் உட்கார்ந்து போகிறேன். மாசியில் ஊருக்கு டிக்கெட். அங்கே ஏரியில் நிற்க இனி என் காலுக்குத் தெம்பில்லை. இங்கே கண்ணாடி துடைக்க நான் இருக்கமாட்டேன்.

“யாழினி, நான் சொல்லச் சொல்ல எழுதினதப் படிச்சுக் காட்டுமா. இன்னான்னு நான் சொன்னத என்னன்னு மாத்தாத. வண்டில வேணாம், இங்கயே படி. அங்க படிச்சா அன்னா வந்து நிப்பா.”